சினைக் காலத்தில் இடப்படும் முதலீடு

(மைசூரு வட்டாரத்து ராமாபுரத்தில், பால் உற்பத்தியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பொருளாதாரம் படித்துவிட்டு மத்திய அரசின் அலுவலகங்களில் கோப்புகளுக்கிடையே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அப்படிப்பட்டவன் பசுவின் மடியைப் பற்றிப் பேச வருவது பொருத்தமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் இன்று காலையில் இவ்வூரில் ஒரு வீட்டின் கொட்டிலில் கண்ட காட்சி, எனக்கும் இங்கே பேசுவதற்கு ஏதோ இருக்கிறது என்ற துணிவைத் தந்தது.

அந்தக் கொட்டிலில் இரண்டு கலப்பினப் பசுக்கள் நின்றன. முன்னால் கட்டியிருந்த பசு கறவையில் இருந்தது. அதன் தொட்டியில் தவிடும் பிண்ணாக்கும் கலந்த நீர் நிறைந்திருந்தது, பசும்புல்லும் இருந்தது. பின்னால் சுவரோரம் நின்ற மற்றொன்று நிறைசினை. கன்று ஈன ஒன்றரை மாதம் இருக்கும். அதன் முன்னே கிடந்தது கேழ்வரகுத் தாள் மட்டுமே. வீட்டுக்கார அம்மாளிடம் காரணம் கேட்டேன். “அது இப்போது கறக்கவில்லையே, ஐயா” என்றார். பால் சொசைட்டியில் வரும் பணத்தில்தான் தீவனம் வாங்குகிறார். பணம் கொண்டுவரும் பசுவுக்குத் தீவனம். கொண்டுவராத பசுவுக்குத் தாள். கணக்கு நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது சரியான கணக்குதானா என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி.

மைசூர் நாட்டில் மாடு என்பது வெறும் வீட்டுச் சொத்தாக இருந்ததில்லை. அது அரசின் துறையாகவே இருந்தது. 1672 முதல் 1704 வரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் காலத்தில் ‘பெண்ணெ சாவடி’, அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்ற பெயரில் அரண்மனைக்கு வேண்டிய பாலும் வெண்ணெயும் தரும் மந்தைகளுக்கு ஒரு துறை இருந்தது. திப்பு சுல்தான் அதற்கு ‘அமிர்த மஹால்’ என்று பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், பாலின் பெயரால் அழைக்கப்பட்ட அந்த இனம் புகழ் பெற்றது பீரங்கி இழுப்பதில்தான். இந்த வட்டாரத்து ஹள்ளிக்கர், அண்டையிலுள்ள ஆலம்பாடி, பர்கூர் மலை மாடு ஆகியவையும் உழைப்புக்குப் பெயர் பெற்றவையே. அவை கொடுத்த பால் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குக் கேழ்வரகுத் தாளும் மேய்ச்சலும் போதுமாயிருந்தன.

1970-ஆம் ஆண்டில் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1974-இல் உலக வங்கியின் உதவியுடன் கர்நாடகப் பால்வள அபிவிருத்தித் திட்டம் வந்தது; அது முதலில் மேற்கொண்ட மாவட்டங்களில் மைசூரும் ஒன்று. 1984-இல் கர்நாடகப் பால் கூட்டமைப்பு அமைந்தது. கலப்பினப் பசு கொட்டிலுக்கு வந்தது. அயல்நாட்டு மடி வந்து சேர்ந்தது. ஆனால் அந்த மடிக்கு வேண்டிய தீவனப் பழக்கம் அதனுடன் வந்து சேரவில்லை. நாட்டு மாட்டுக்கு ஏற்றதாயிருந்த பழைய கணக்கைக் கலப்பினப் பசுவுக்கும் போடுகிறோம். அங்கேதான் பிழை நேர்கிறது.

பால் எங்கே உண்டாகிறது என்று கேட்டால் மடியில் என்போம். மடிக்குள்ளே கொத்துக் கொத்தாக, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையின் உட்சுவரிலும் ஒற்றை வரிசையாகச் செல்கள் அமைந்துள்ளன. இந்தச் செல்களே இரத்தத்திலிருந்து சரக்கை எடுத்துப் பாலாக மாற்றுபவை. ஒரு பசு எவ்வளவு பால் தரும் என்பது இரண்டைப் பொறுத்தது: இத்தகைய செல்கள் எத்தனை உள்ளன என்பது ஒன்று, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு உழைக்கிறது என்பது மற்றொன்று. ஆலையில் எத்தனை தறி, ஒவ்வொரு தறியும் நாளொன்றுக்கு எத்தனை முழம் என்று கேட்பது போன்றதே இது.

இந்தத் தறிகள் எப்போது நிறுவப்படுகின்றன என்பதுதான் முக்கியமான செய்தி. அவை பெரும்பாலும் சினைக் காலத்திலேயே, அதிலும் சினையின் கடைசி மூன்றில் ஒரு பங்கு காலத்திலேயே உருவாகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பால் நாளங்களைக் கிளைக்கச் செய்கிறது. புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின், நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் ஆகியவை சேர்ந்து நுண்ணறைகளைப் பெருக்குகின்றன. கன்று ஈனுமுன் மடி இறங்கி வருவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அது வீக்கமன்று, கட்டுமான வேலை.

இதை விஞ்ஞானிகள் எப்படி அளந்தார்கள் என்பது சுவையானது. ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்னும் பொருள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. ஆகவே மடித் திசுவில் டி.என்.ஏ. எவ்வளவு என்று கண்டால், அங்கே எத்தனை வேலையாட்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஆர்.என்.ஏ. என்னும் மற்றொரு பொருளோ வேலைக்கான ஆணைச்சீட்டு போன்றது. செல் புரதங்களை மும்முரமாக ஆக்கும்போது அது பெருகும். சினைக் காலத்தில் டி.என்.ஏ. ஏறிக்கொண்டே போகிறது. ஈனும் தறுவாயில் ஆர்.என்.ஏ. வேகமாக உயர்கிறது. முதலில் ஆட்சேர்ப்பு, பிறகு வேலை உத்தரவு. எங்கள் அலுவலகங்களில் சில வேளைகளில் இது தலைகீழாக நடப்பதுண்டு. இயற்கை அந்தத் தவற்றைச் செய்வதில்லை.

சினைக் காலத்துத் திசு தனக்காகவே உண்கிறது. எடுத்துக்கொள்ளும் குளுகோஸையும் அமினோ அமிலங்களையும் தன்னைக் கட்டிக்கொள்ளவும் தன் சுவாசத்துக்கும் செலவிடுகிறது. ஈன்ற பின்னரோ அதே திசு வெளியே அனுப்புவதற்காகவே உழைக்கிறது. செல்லுக்குள் ஆற்றலைத் தரும் உறுப்புகளான மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. கொழுப்பை ஆக்கும் நொதிகள் பலமடங்கு உயர்கின்றன. இரத்தத்தில் வரும் கொழுப்பைப் பிடித்திழுக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி, உடற்கொழுப்பில் குறைந்து மடியில் கூடுகிறது. அதாவது இதுவரை முதுகிலும் இடுப்பிலும் சேமிக்கப்பட்ட கொழுப்பு இனி மடியை நோக்கித் திருப்பப்படுகிறது.

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகிலிருந்த பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஃபாலி என்ற அறிஞரும் அவர் தோழர்களும் 1940களின் இறுதியில் இந்த மாற்றத்தைக் கண்கூடாகக் காட்டினார்கள். மடித் திசுவை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஊட்ட நீரில் இட்டு, அது உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தார்கள். மாவுப்பொருள் கொழுப்பாக மாறும்போது, உட்கொண்டதைவிட அதிகமான வாயு வெளியேறும். சினை எலியின் திசுவில் இந்த அடையாளம் தென்படவில்லை. குட்டி ஈன்று பால் கொடுக்கும் எலியின் திசுவில் குளுகோஸை இட்டதும் தெளிவாகத் தென்பட்டது. ஆனால் ஆடு, மாடு முதலிய அசைபோடும் விலங்குகளின் திசுவுக்குக் குளுகோஸ் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அசெட்டேட்டைக் கொடுத்தபோதே அது சுறுசுறுப்படைந்தது.

இந்த வேறுபாட்டுக்குள் உங்கள் தீவனத் தொட்டியின் இரகசியமே அடங்கியிருக்கிறது. புல்லும் தாளும் பசுவின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு மூன்று அமிலங்களாகின்றன: அசெட்டிக், புரோபியானிக், பியூட்ரிக். நார்த்தீவனம் அசெட்டிக் அமிலத்தை மிகுவிக்கிறது. மடி அதைக் கொண்டு பாலின் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை ஆக்குகிறது. மீதி இரத்தத்தின் வழியாக நேரே வருகிறது. தானியமும் தவிடும் புரோபியானிக் அமிலத்தை மிகுவிக்கின்றன. அதிலிருந்து கல்லீரல் குளுகோஸ் செய்கிறது. பசு உண்ணும் மாவுப்பொருள் சர்க்கரையாகக் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. எனவே பசுவின் குளுகோஸ் பெரும்பாலும் கல்லீரல் அன்றாடம் உழைத்துச் சம்பாதிப்பதே. ஈட்டக் கடினமான அந்தக் குளுகோஸை மடி கொழுப்புக்காக வீணாக்குவதில்லை. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரைக்காக ஒதுக்கி வைக்கிறது. என்ன சிக்கனம் பாருங்கள்!

லாக்டோஸ் ஏன் அவ்வளவு முக்கியம்? பாலின் அளவை நிர்ணயிப்பது அதுவே. நுண்ணறைக்குள் லாக்டோஸ் சேரச் சேர, அது தன்னுடன் நீரை இழுக்கிறது. லாக்டோஸ் குறைந்தால் பால் கெட்டியாவதில்லை, பாலே குறைந்துவிடுகிறது. சொசைட்டியில் நீங்கள் ஊற்றும் லிட்டர் கணக்கு, பசுவின் உடம்பில் குளுகோஸ் கணக்காகவே தொடங்குகிறது.

சினைக் காலம் முழுவதும் மடி தயாராகிக்கொண்டிருந்தும் ஏன் பால் பெருகுவதில்லை என்று கேட்கலாம். இதற்கு விடை 1960களின் பிற்பகுதியில் கிடைத்தது. லாக்டோஸை ஆக்கும் நொதி இரண்டு பாகங்கள் சேர்ந்தது. ஒரு பாகம் ஏற்கெனவே செல்லில் இருக்கிறது. அது தனித்திருக்கும்போது வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற மற்றொரு புரதம் வந்து சேர்ந்ததும் அது குளுகோஸைப் பற்றி லாக்டோஸாக்கத் தொடங்குகிறது. அந்த இரண்டாவது புரதத்தைச் சினைக் காலத்தில் புரோஜெஸ்டிரோன் அடக்கி வைத்திருக்கிறது. பசுவுக்குக் கன்று ஈனுவதற்குச் சற்று முன்பும், பெண்களுக்கு நஞ்சுக்கொடி வெளியேறிய பின்பும் புரோஜெஸ்டிரோன் சரிகிறது, பூட்டுத் திறக்கிறது. பிள்ளை பெற்ற தாய்க்கு இரண்டு மூன்று நாள் கழித்தே பால் பொங்கி வருவதன் காரணமும் இதுவே. ‘பால் வரவில்லை’ என்று அந்த இடைவெளியில் சர்க்கரைத் தண்ணீரும் புட்டிப்பாலும் கொடுக்கும் பாட்டிமார்கள், பூட்டுத் திறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்திருந்து, சீம்பாலை வீணாக்காமல் குழந்தையை அடிக்கடி மார்பில் விட்டால் போதும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் நடுத்தரக் கலப்பினப் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தப் பாலில் ஏறக்குறைய 480 கிராம் லாக்டோஸும், 400 கிராம் கொழுப்பும், 330 கிராம் புரதமும், 12 கிராம் கால்சியமும் இருக்கும். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் குளுகோஸ் தேவைப்படுவதால், 10 லிட்டருக்கு 700 கிராம் வேண்டும். 400 கிலோ எடையுள்ள பசுவின் உடம்பிலுள்ள 30 லிட்டர் இரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் குளுகோஸ் 17 கிராம் அளவே. ஆகவே இரத்தத்திலுள்ள சர்க்கரை முழுவதும் ஒரே நாளில் நாற்பது தடவைக்கு மேல் தீர்ந்து, மீண்டும் நிரம்ப வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் இரத்தம் மடி வழியாகப் பாய்கிறது. 10 லிட்டருக்கு 5,000 லிட்டர். கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டு அமைதியாக நிற்கும் பசுவைப் பார்த்து, அது ஓய்வெடுக்கிறது என்று யாரும் எண்ணவேண்டாம்.

இவ்வளவு சரக்கு மடிக்கு எவ்வாறு ஒதுக்கப்படுகிறது? எனக்குப் பழக்கமான ஓர் உவமையைச் சொல்கிறேன். மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் சில செலவுகள் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு விடப்படுவதில்லை. கடனுக்கான வட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் போன்றவை அவை. மற்றத் துறைகள் பணமில்லை என்று தவித்தாலும் அவற்றுக்குப் போயாக வேண்டும். ஈன்ற பசுவின் உடம்பில் மடி இத்தகைய செலவினமாகிவிடுகிறது. தசையும் உடற்கொழுப்பும் இன்சுலினின் கட்டளைக்கு முன்போல் செவிசாய்ப்பதில்லை. ஆகவே அவை எடுத்துக்கொள்ளும் குளுகோஸ் குறைகிறது. மடியோ இன்சுலினின் தயவின்றியே குளுகோஸை எடுத்துக்கொள்கிறது. உடம்பு முழுவதன் வரவு செலவும் ஒரே நோக்கத்துக்காகத் திருத்தியமைக்கப்படும் இந்த ஏற்பாட்டை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாமன், கர்ரி ஆகிய இருவரும் 1980-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். கால்நடை விஞ்ஞானத்தில் அது இன்றும் எடுத்தாளப்படுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. ஈன்ற பின் நாலு முதல் எட்டு வாரங்களுக்குள் பால் உச்சத்தை எட்டிவிடுகிறது. பசுவின் பசி அதற்குப் பின்னரே உச்சத்துக்கு வருகிறது. இடைப்பட்ட வாரங்களில் வரவைவிடச் செலவு அதிகம். பற்றாக்குறையை உடற்கொழுப்பு ஈடு செய்யவேண்டும். சினைக் காலத்தில் சேர்த்து வைத்த இருப்பு இருந்தால் சமாளிக்கும். இல்லாவிட்டால் பால் உச்சத்தை எட்டாமலே இறங்கும்; அல்லது கொழுப்பு அளவுமீறிக் கரைந்து கல்லீரல் திணறும்; அடுத்த சினையும் தள்ளிப்போகும். ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே பதினெட்டு மாதம், இருபது மாதம் ஆகிறது என்று நீங்கள் வருந்துவதற்குக் காரணம் காளையூசியின் குறையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதற்கெதிராக, ஈனுமுன் பசுவை அளவுமீறிக் கொழுக்க வைப்பதும் தீங்கே. கொழுத்த பசு ஈன்றபின் தீவனம் குறைவாகவே எடுக்கும்.

கால்சியத்தின் கதை இதைவிட நாடகத்தன்மை வாய்ந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நல்ல கறவை இருந்தது. மூன்றாம் ஈற்றில் கன்று போட்ட மறுநாள், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்துவிட்டது. காதெல்லாம் சில்லிட்டிருந்தது. கண்ணேறு என்றார்கள், வேப்பிலை வந்தது, மந்திரிப்பவரும் வந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கால்நடை மருத்துவர் வந்து, கழுத்து நரம்பில் ஒரு புட்டி மருந்தை மெதுவாக ஏற்றினார். சற்று நேரத்தில் பசு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நின்றது! அது மாயமன்று, கால்சியம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்துகொண்டேன். பசுவின் இரத்தநீரில் எந்நேரமும் இருக்கும் கால்சியம் மூன்று கிராம் அளவே. சீம்பால் லிட்டருக்கு இரண்டு கிராம் வரை கொண்டுபோகிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துவரும் ஏற்பாடு விழித்தெழும் முன்பே இருப்புக் காலியானால், தசைகள் தளர்ந்து பசு விழுகிறது. இதில் நம் எண்ணத்துக்கு மாறான ஒரு பாடம் உண்டு: ஈனுமுன் நிறையச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்து வைத்தால் நல்லது என்று தோன்றும், உண்மையில் அது அந்த ஏற்பாட்டை உறங்கவைத்துவிடுகிறது. கால்சியக் கலவையைத் தாராளமாகக் கொடுக்கும் காலம் ஈன்ற பின்பே.

வற்றுக் காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்துங்கள் என்று துறையினர் சொல்லும்போது, நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வரும் வருமானத்தை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. 1960களில் இங்கிலாந்தில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரே பசுவின் மடியில் ஒரு பாதியை வற்றவிட்டார்கள்; மறு பாதியை ஈனும்வரை கறந்துகொண்டே இருந்தார்கள். தீவனம் ஒன்று, இரத்தம் ஒன்று, ஹார்மோனும் ஒன்றே. ஆயினும் அடுத்த ஈற்றில், ஓய்வு பெறாத பாதி குறைவாகவே பால் தந்தது. வற்றுக் காலத்தில் பழைய செல்கள் கழிந்து புதியவை இடம்பெறுகின்றன. தொடர்ந்து கறந்தால் பழைய இயந்திரங்களைக் கொண்டே புதிய ஆண்டின் உற்பத்தியைத் தொடங்குகிறோம். தொடர்ந்து கறப்பதால் அடுத்த ஈற்றில் நேரும் இழப்பு, சுமார் கால் பங்கு வரை போகலாம்.

இனி என் துறைக்கு வருகிறேன். சினைக் காலத்தின் கடைசி இரண்டு மாதத்தில் பசுவுக்குப் போடும் தீவனத்தை நீங்கள் செலவாக எழுதுகிறீர்கள். அதை முதலீடு என்றே எழுதவேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் கூடுதலாக, அறுபது நாளைக்கு 90 கிலோ. கிலோ 25 ரூபாய் என வைத்துக்கொண்டால் 2,250 ரூபாய். பால் லிட்டர் 35 ரூபாய் என்றால், அந்தப் பணத்தை மீட்க 64 லிட்டர் போதும். 300 நாள் ஈற்றுக்கு அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 200 மில்லிக்குச் சற்று மேல், அதாவது ஒரு டம்ளர் பால். முழு மடியோடு ஈற்றைத் தொடங்கும் பசு, அந்த ஒரு டம்ளரை மட்டுமா கூடுதலாகத் தரும்?

ஆனால் குறை உற்பத்தியாளரிடம் மட்டும் இருக்கிறது என்று சொல்ல நான் தயாராக இல்லை. நம் திட்டங்கள் எல்லாமே லிட்டரைப் பார்த்துப் பணம் தருகின்றன. கர்நாடக அரசு 2008-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கத் தொடங்கியது. 2016-இல் அது 5 ரூபாயாயிற்று. மெச்சத்தக்க உதவியே. ஆயினும் வற்றிய பசுவுக்கு அதில் ஒரு காசும் இல்லை. வீட்டில் பணம் வரும் மாதத்தில் அரசின் பணமும் வருகிறது. பணம் வராத மாதத்தில் அரசின் பணமும் வருவதில்லை. முதலீடு செய்யவேண்டிய இரண்டு மாதமும் கையில் பணமில்லாத இரண்டு மாதமும் ஒன்றே என்பதை எந்த வாய்பாடும் கவனிக்கவில்லை. ஊக்கத்தொகையின் ஒரு சிறு பகுதியை, ஏழு மாதச் சினை என்று கால்நடை மருத்துவர் சான்றளித்த பசுவுக்கு இரண்டு மூட்டைத் தீவனமாகச் சங்கத்தின் மூலமே கொடுக்கலாகாதா? அதற்கு அரசு முன்வராவிட்டால், சங்கமே தீவனத்தை முன்பணமாகக் கொடுத்து, ஈன்றபின் பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். வட்டியைப் பற்றி வாதிடலாம். வழி இருக்கிறது என்பதில் வாதமில்லை.

அங்கன்வாடி ஊழியர்களும் வந்திருப்பதால், இதே கணக்கை வேறோரிடத்திலும் பார்க்கவேண்டும். பசுவையும் பெண்ணையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதற்குத் தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். திசுவின் விதிகள் பல இருவருக்கும் பொது என்பதால்தான் துணிகிறேன். டாக்டர் சி. கோபாலன் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது ஏழைத் தாய்மார்களின் பால் சுரப்பை ஆராய்ந்து, 1958-இல் அதை வெளியிட்டார். போதிய உணவில்லாத பெண்களும் வியக்கத்தக்க அளவு பால் தந்தார்கள். அந்தப் பாலின் புரதமும் கொழுப்பும் லாக்டோஸும் பெரிதும் குன்றவில்லை. குன்றியவை சில வைட்டமின்களே. இதைக் கேட்டுச் சிலர் ஆறுதல் அடைகிறார்கள். எனக்கு ஆறுதல் ஏற்படவில்லை. வாக்கெடுப்புக்கு விடப்படாத செலவு என்றேனே, அது இதுதான். பால் குறையவில்லை என்றால் வேறெங்கோ குறைந்திருக்கிறது. அந்தத் தாயின் தசையிலும் எலும்பிலும் இரத்தத்திலும் குறைந்திருக்கிறது. அடுத்த கருவை அவள் அந்தக் குறையோடு தொடங்குகிறாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்கு நாள்தோறும் 350 கலோரியும், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்கிறது. இந்த மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் தொடங்கியபோது, கர்நாடகத்தில் அதன் முதல் வட்டாரம் இதே மைசூர் மாவட்டத்தின் டி. நரசிபுரமே. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை தாய்க்கும் உணவை உரிமையாக்கியது. 2017 அக்டோபர் 2 முதல் மாத்ருபூர்ணா திட்டத்தின் வழியாக அங்கன்வாடியில் நாளொன்றுக்கு ஒரு முழு உணவு, முட்டையும் பாலும் சேர்த்து, தரப்பட்டது. ஆனால் நிறைமாதக் கர்ப்பிணி தொலைவிலுள்ள வீட்டிலிருந்து நடந்து வர இயலவில்லை என்பது பல இடங்களில் எழுந்த குறை. எந்த மாதத்தில் சோறு மிக அவசியமோ அந்த மாதத்தில்தான் நடை மிகக் கடினம். வற்றிய பசுவுக்கு ஊக்கத்தொகை எட்டாமற்போனது போலவே இதுவும். திட்டம் இருக்கிறது, ஆனால் வேண்டிய மாதத்தில் அது கைக்கெட்டுவதில்லை.

பேச்சை முடிக்குமுன், காலையில் நான் சந்தித்த அம்மாளும் இங்கே பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். சற்றுமுன் அவர் என்னிடம் கேட்டார்: “நீங்கள் சொல்கிற தீவனத்தை இன்றைக்குப் போட ஆரம்பித்தால், இந்த ஈற்றுக்கே பலன் தெரியுமா?” ஒன்றரை மாதம் இருக்கிறது, அம்மா. மடி இப்போதுதான் கட்டப்படுகிறது, தெரியும். முதல் வாரம் அரைக் கிலோவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இரைப்பையின் நுண்ணுயிர்களும் புதிய உணவுக்குப் பழக வேண்டும். கேழ்வரகுத் தாளை நிறுத்திவிடாதீர்கள். சுண்ணாம்புக் கலவையைக் கன்று போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தீவனத்துக்குப் பணம் எப்படி என்பதை உங்கள் சங்கச் செயலாளரிடம் கேட்கவேண்டும். அவரும் இங்கேதான் இருக்கிறார்.